ஆரோக்கியசாலையும் குதிரை மண்டபமும்

மேலை நாடுகளின் முதியோர் இல்லங்கள் சிலவற்றுக்கு இப்போது குதிரைகள் வந்துபோகின்றன. சில இல்லங்கள் தம் முதியவர்களைக் குதிரைப் பண்ணைகளுக்கு அழைத்துச் செல்கின்றன. அங்கே பெரும்பாலோர் குதிரையேறுவதில்லை. பிடரிமயிரை வாரிவிடுகிறார்கள், வாளியில் தீனி வைக்கிறார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு தப்படி உடன் நடக்கிறார்கள். மறதிநோய் கண்டவர்களுக்கும், துணையை இழந்து பேச்சுக் குறைந்துபோனவர்களுக்கும் இது ஒரு துணைச் சிகிச்சையாக வழங்கப்படுகிறது. இச்செய்தி நம் பக்கம் வந்து சேரும்போது இரண்டே எதிர்வினைகள் எழக் காண்கிறோம். ஒன்று சிரிப்பு. மற்றொன்று, "இதெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டதுதான்" என்னும் பெருமிதம். இரண்டுமே வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் உழைப்பை மிச்சப்படுத்தித் தருபவை.

அந்த உழைப்பைச் சிறிது மேற்கொள்வோம். திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு, குதிரையும் மருத்துவமும் முதுமையும் நம் வரலாற்றில் எங்கெங்கே அருகருகே நின்றன, எங்கே ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோயின என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு பெயர்ச் சிக்கல். 'குதிரை வைத்தியம்' என்றால் தமிழில் குதிரைக்குச் செய்யும் வைத்தியம் என்றே பொருள். அளவு பாராமல் மருந்தைப் புகட்டும் முரட்டு வைத்தியத்துக்கும் அதுவே கேலிப் பெயர். ஆகவே குதிரையின் துணைகொண்டு மனிதர்க்குச் செய்யப்படும் இம்முறையைக் 'குதிரைத்துணைச் சிகிச்சை' என்று இங்கே வழங்குகிறோம். நல்ல சொல் கிடைத்தால் நண்பர்கள் தெரிவிக்கலாம்.

திருவரங்கம் பெரிய கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சந்நிதி உண்டு என்பதைப் பலரும் அறிவர். அங்கே ஒரு காலத்தில் மருத்துவமனையும் இயங்கியது என்பதை அறிந்தோர் குறைவு. சக ஆண்டு 1415-இல், அதாவது கி.பி. 1493-இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, கருடவாகன பட்டர் என்னும் பட்டம் கொண்ட சீனிவாசர் கோயிலின் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, அங்கே தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் இராமநாதன் காலத்தில் அவர்தம் முன்னோரால் தொடங்கப்பட்ட சாலை அது. அந்தப் போசளர்களின் தமிழகத் தலைநகரான கண்ணனூர், கொள்ளிடத்தைக் கடந்தால் சிறிது தொலைவில், இன்றைய சமயபுரத்தை ஒட்டி இருந்தது. பின்னர் வந்த தில்லிப் படையெடுப்பில் சாலை சிதைந்தது.

இவ்விடத்தில் ஆண்டுகளைச் சற்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1323-இல் உலூக்கானின் படை வந்தபோது திருவரங்கத்தை விட்டு வெளியேறிய நம்பெருமாள் பல ஊர்களில் தங்கி 1371-இல் திரும்பி வந்தார். ஆரோக்கியசாலை மீண்டதோ 1493-இல். தெய்வம் திரும்பியதற்கும் மருத்துவமனை திரும்பியதற்கும் இடையே 122 ஆண்டுகள். நோயாளிகளுக்குப் பொறுமை அதிகம் போலும்.

கோயிலோடு மருத்துவமனை இணைந்திருப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையையும், அதன் மருத்துவரையும், சல்லியக்கிரியை செய்வாரையும், மருந்து கொண்டுவருவாரையும், நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்டிரையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளையும் பட்டியலிடுகிறது. கோயிலைச் சார்ந்து வேதம் பயின்ற மாணவரும் கோயில் பணியாளருமே அங்கு மருத்துவம் பெற்றனர். மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். பிறந்தவுடன் குதிரைபோலக் கனைத்தான் என்பதால் துரோணர் மகனுக்கு அசுவத்தாமன் என்று பெயர் வந்ததாகப் பாரதம் சொல்லும். 11-ஆம் நூற்றாண்டின் தமிழக மருத்துவர் ஒருவர் தம் பெயரில் ஒரு குதிரையைச் சுமந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்துவந்தார் என்பது வெறும் தற்செயலே. இருப்பினும் நமக்கு அது பிடித்திருக்கிறது.

தற்செயல் அல்லாத உறவு ஒன்று தொன்மத்தில் இருக்கிறது. தேவர்களின் மருத்துவர் இருவரும் குதிரை வழிவந்தவர்கள். பரிபாடலும் தேவர் கூட்டத்தில் இவ்விருவரைச் சேர்த்தே எண்ணுகிறது. சூரியனின் வெம்மை தாளாத அவன் மனைவி பெண்குதிரை வடிவெடுத்து ஓடியபோது, சூரியனும் குதிரையாகிச் சென்று கூடப் பிறந்தவர்கள் அசுவினி தேவர். இவர்களுடைய மருத்துவச் சாதனைகளில் தலையாயது முதியோர் மருத்துவம்தான். உடல் தளர்ந்த சியவன முனிவருக்கு இளம்பெண் சுகன்யை வாழ்க்கைப்படுகிறாள். அசுவினி தேவர் வருகிறார்கள். முனிவர் நீரில் மூழ்கி இளைஞராக எழுகிறார். இருக்கு வேதத்திலேயே குறிப்பாக வரும் இக்கதை பாரதத்தில் விரிகிறது. இன்றும் கடைகளில் விற்கும் சியவனப்பிராசத்தின் பெயர் இவரிடமிருந்து வந்ததே. அசுவினி தேவருக்கும் மாத்திரிக்கும் பிறந்த நகுலன் குதிரை நூல் வல்லவன். அவன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ணப் படங்களுடன் 1952-இல் வெளியிட்டது. அந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

ஆக, குதிரை, மருத்துவம், முதுமை மூன்றும் ஒரே கதைக்குள் வந்துவிட்டன. இங்கேயே நிறுத்திக்கொண்டு, "பார்த்தீர்களா, அன்றே இருந்தது" என்று கட்டுரையை முடித்துவிடலாம். அப்படி முடிகிற கட்டுரைகள் ஏராளம். ஆனால் அசுவினி தேவர் கதையில் குதிரை என்பது பிறப்பு வரலாறு மட்டுமே. சியவனர் எந்தக் குதிரையையும் தொடவில்லை. கதை வாக்களிப்பது இளமையை. முதுமையோடு எப்படி வாழ்வது என்ற கேள்வி அதற்குள் எழவே இல்லை. கதையை விட்டு நிலத்துக்கு வருவோம்.

தமிழ் நிலத்தில் குதிரை என்றுமே அயலிலிருந்து வந்த பொருள். பட்டினப்பாலை புகாரின் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைக் குறிப்பிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் இறக்குமதியாகும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்டிறுதிக்குள் மடிந்துவிடுகின்றன என்றும், அவற்றைப் பேணும் அறிவு இங்கில்லை என்றும் எழுதினார். குதிரை மருத்துவம் அறிந்தவர்கள் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், கீசுத் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் பாண்டியனுக்கு அனுப்பப்பட்டதையும், குதிரை ஒன்றுக்கு 220 தீனார் விலை பேசப்பட்டதையும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டதையும் பதிவு செய்கிறார். வறுத்த பார்லியும் வெண்ணெய் கலந்த தானியமும் கறந்த பாலைக் காய்ச்சியும் கொடுத்து, 40 நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே ஏறி விரட்டுவார்கள் என்று அவர் எழுதியதைப் படிக்கையில் குதிரைகளின் நிலை நன்றாகவே விளங்குகிறது. இருநூறு ஆண்டு கழித்து விசயநகரத்தைக் கண்ட போர்த்துக்கீசியர் நூனிசும், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே அரசர் பணம் கொடுத்தார் என்கிறார்.

இவர்கள் எல்லாரும் வெளியூரார். வியப்பைக் கூட்டிச் சொல்லும் வழக்கமுடையவர்கள். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி போதும். நம் அரசர்கள் குதிரையை அளவற்று விரும்பினார்கள், அளவற்று விலை கொடுத்தார்கள். அதனோடு வாழ்ந்து அதன் இயல்பை அறிந்தவர்கள் வேறு ஆட்கள். கொள்ளு ஊறவைத்தவர்களும், லாடம் அடித்தவர்களும், லாயத்தில் படுத்துறங்கியவர்களும் சாசனங்களில் மெய்க்கீர்த்தி பெறவில்லை. ஒரு சொல் மட்டும் அவர்கள் பக்கத்திலிருந்து எழுந்து உயர்ந்தது. குதிரைவீரரையும் குதிரை வணிகரையும் குறித்த 'இராவுத்தர்' என்னும் சொல், திருச்சி வட்டாரத்திலும் பிற இடங்களிலும் ஒரு முசுலிம் சமூகத்தின் பெயராக நிலைத்தது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே அச்சொல்லால் விளித்தார். மாணிக்கவாசகருக்காக நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்த சிவனும் குதிரை வணிகக் கோலத்திலேயே மதுரைக்குள் நுழைந்தார். தமிழ்ப் பக்தி மரபில் தெய்வம் குதிரைக்காரனாக வரக் கூசியதில்லை.

திருவரங்கத்தின் சேஷராயர் மண்டபம் இந்த மோகத்தின் உச்சம். நான்காம் திருச்சுற்றின் கிழக்கே, வெள்ளைக் கோபுரத்தை நோக்கி, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் குதிரைகளின் வரிசை. ஒவ்வொன்றும் ஒற்றைக் கல்லில் வடித்தது. மேலே ஈட்டி ஓங்கிய வீரன், கீழே குத்துண்ட புலி, குளம்படியில் நசுங்கும் காலாட்கள். கடிவாளத்தின் இழுவையில் திறந்த வாய், புடைத்த நாசி, விடைத்த கழுத்து நரம்பு என ஒன்றையும் சிற்பி விடவில்லை. விசயநகர, நாயக்கர் காலக் கலையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் வியந்து போற்றும் இக்குதிரைகளை நாமும் போற்றுகிறோம். ஆயினும் அவற்றின் கண்களைச் சற்று நேரம் பார்த்தால் தெரிவது அச்சம். குதிரை இரையாகும் விலங்கு. பகைவிலங்கைக் கண்டால் ஓடுவது அதன் இயற்கை. புலியின்மீது பாய்ச்சப்படும் குதிரை தன் இயல்புக்கு எதிராக நிற்கிறது. அச்சிற்பி குதிரையை அருகிருந்து அறிந்தவன் என்றே நாம் கருதுகிறோம்.

கல்லில் மட்டுமின்றி உயிருடனும் திருவரங்கம் போர்க்குதிரைகளைப் போதுமான அளவு கண்டது. 1752-இல் திருச்சிக் கோட்டையில் முகமது அலி முற்றுகையிடப்பட்டிருக்க, பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவுக்குள் புகுந்து, மதில்களையே அரணாகக் கொண்டு, அவ்வாண்டு சூனில் சரணடைந்தது. சந்தா சாகிபின் முடிவும் அப்போதுதான். மைசூர்ப் படையும் முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையும் காவிரிக் கரையை அவ்வாண்டுகளில் மேய்ந்து தீர்த்தன.

போரையும் படையையும் விட்டு நீங்கிய குதிரையை மக்கள் இரண்டு வடிவில் வைத்துக்கொண்டார்கள். ஒன்று கோயில் வாகனம். வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாள் மணல்வெளியில் நடக்கும் வேடுபறியில் நம்பெருமாள் தங்கக் குதிரையில் எழுந்தருள்கிறார். ஆடல்மா என்னும் குதிரையை உடைய திருமங்கையாழ்வார் அவரை வழிமறித்துக் கொள்ளையிட்டு, முடிவில் எட்டெழுத்தைப் பெறுகிறார். அக்குதிரை வாகனம் முன்னும் பின்னுமாக விரைந்து ஓடித் திரும்புவதை 'வையாளி' என்பர். குதிரையை ஓட்டிப் பழக்கும் வெளிக்கும் அவ்வோட்டத்துக்கும் உரிய பழஞ்சொல் அது. அரண்மனையில் வழக்கொழிந்த பின்னும் அரங்கன் கோயிலில் பிழைத்திருக்கிறது. வையாளியின்போது குதிரையின் கால்கள் சீபாதந்தாங்கிகளின் கால்களே. மனிதர் குதிரையைச் சுமக்கிறார்கள், குதிரையாகவே ஓடுகிறார்கள். மணலில் பகலிலிருந்தே இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் எழுபதைக் கடந்தவர்கள்.

மற்றொன்று மண்குதிரை. திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஐயனார் கோயில்களில் வேளார் வனைந்து சுட்ட குதிரைகள் வரிசையாக நிற்பதைக் காணாதவர் இரார். குளமங்கலத்தில் மாசி மகத்தன்று 30 அடிக்கும் மேலான குதிரைச் சிலைக்குக் காகிதப்பூ மாலைகள் ஆயிரக்கணக்கில் சாத்தப்படுகின்றன. நோய் தீர்ந்தாலும் பிள்ளை பிறந்தாலும் மழை பெய்தாலும் புரவியெடுப்பு நடக்கும். நம் நாட்டில் குதிரைக்கும் நோய் நீக்கத்துக்கும் மக்கள் வழக்கில் உள்ள உண்மையான தொடர்பு இதுதான் என்று நாம் துணிந்து சொல்வோம். ஆயின் இங்கும் குதிரை குணப்படுத்துவதில்லை. குணமானவர் ஐயனாருக்குக் கொடுக்கும் காணிக்கை அது. ஊரின் எல்லையில் இரவுக்காவல் செல்ல அவருக்கு ஊர்தி வேண்டும், அவ்வளவே.

சித்தர் மரபிலிருந்து ஒரு சொல்லையும் இங்கே நினைவுகூரலாம். 'வாசி' என்றால் குதிரை, வாசி என்றால் மூச்சு. திருமூலர் மூச்சைக் குதிரையாகவே உருவகிக்கிறார். இதை வைத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சிக்கும் குதிரைத்துணைச் சிகிச்சைக்கும் முடிச்சுப்போடும் ஆசை நமக்கும் எழாமலில்லை. ஏனெனில் குதிரைமுன் நிற்பவர்க்கு இச்சிகிச்சையாளர்கள் முதலில் கற்றுத்தருவது மூச்சை நிதானமாக விடுவதையே. உருவகம் உருவகமாகவே இருக்கட்டும். திருமூலர் லாயம் வைத்திருக்கவில்லை.

இனி 1952. தஞ்சையில் நகுலன் பெயரிலான அசுவசாத்திரம் அச்சேறிய அதே ஆண்டில், எல்சிங்கி ஒலிம்பிக்கில் லிசு ஆர்ட்டெல் என்னும் தென்மார்க்கு நாட்டுப் பெண் குதிரைநடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1944-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர் அவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டும். மேலே அமர்ந்துவிட்டால் 'யூபிலி' என்னும் அந்தக் குதிரையும் அவரும் ஓருடல். பரிசு மேடைக்கு அவரைத் தாங்கி அழைத்துச் சென்றவர் தங்கம் வென்ற சுவீடன் வீரர். ஆண்களோடு பெண்களும் அப்போட்டியில் கலந்துகொள்ள அனுமதி கிடைத்ததே அவ்வாண்டுதான். அக்காட்சி ஐரோப்பிய மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. 1960-களில் செருமனி, ஆத்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் இயன்முறை மருத்துவத்தின் பகுதியாகக் குதிரை புகுந்தது. 1969-இல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இதற்கெனச் சங்கங்கள் அமைந்தன.

அதன் அடிப்படை எளிது. நடக்கும் குதிரையின் முதுகு மேல்கீழாகவும், முன்பின்னாகவும், பக்கவாட்டிலும் ஒரே சமயத்தில் அசைகிறது. மனிதன் நடக்கையில் இடுப்பு அசையும் விதத்தை அது பெரிதும் ஒத்தது. தானாக நடக்க இயலாத குழந்தையின் இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடையின் தாளத்தைக் குதிரை இரவல் தருகிறது.

முதியோர் விஷயத்தில் இது அப்படியே பொருந்தாது. எலும்பு நொய்ந்த வயதில் குதிரையிலிருந்து விழுவது உயிர்க்கேடு. எனவே முதியோர்க்கான முறை பெரும்பாலும் தரையில் நின்றே நடப்பது. இதுவே இதன் சிறப்பாகவும் ஆயிற்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயுற்ற 16 பேர் பகல்நேரக் காப்பகத்தில் இருந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வாரம் ஒருநாளாக ஒரு மாதம் குதிரைப் பண்ணைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் குதிரையைக் குளிப்பாட்டினர், வாரிவிட்டனர், தீனி வைத்தனர், உடன் நடந்தனர். பண்ணைக்குச் சென்ற நாட்களில் அவர்களிடம் முரண்டும் அமைதியின்மையும் குறைந்தன. நோய் முற்றாதவர்களின் உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சற்றுக் கூடவும் செய்தது. புதிய இடத்தில் புதிய வேலை செய்வதன் நல்ல பரபரப்பு அது என்று ஆய்வாளர்கள் கருதினர். 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதைக் கொண்டு மறதிநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டதென்று எவரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். நோய் நோயாகவே இருக்கிறது. அந்த நாள் மட்டும் கொஞ்சம் மாறுகிறது.

பிரான்சின் கலே நகரில் 'பேயோ' என்னும் ஆண்குதிரை மருத்துவமனைக்குள் அழைத்துச் செல்லப்பட்டு, இறுதிக்கட்ட நோயாளிகளின் படுக்கையருகே நின்ற படம் 2021-இன் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்றது. போட்டிக் களங்களில் பழகிய குதிரை அது. எந்த அறை வாசலில் நிற்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும் என்றார் அதன் உரிமையாளர். இதில் மிகையைக் கழித்துவிடலாம். குதிரையால் பிறவுயிரின் உடலசைவை நுட்பமாகப் படிக்க முடியும் என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ 350 பாகை சுற்றுப்பார்வை கொண்ட அவ்விலங்கு எதிரே நிற்பவரின் தோள் இறுகுவதைக்கூடக் கவனிக்கும். ஓய்விலிருக்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை வரையே துடிக்கும். அதன் விலாவில் காதையோ கையையோ வைத்து நிற்பவர்க்கு அந்த மெதுவான தாளம் தொற்றிக்கொள்கிறது என்பது பழகியவர்கள் சொல்லும் அனுபவம்.

சியவனர் கதையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணில் அறைகிறது. அங்கே முதியவர் பெற்றுக்கொள்பவர். இங்கே முதியவர் கொடுப்பவர். தீனியை, தண்ணீரை, தடவலை, வேளை தவறாத கவனிப்பைக் கொடுக்கிறார். அசுவினி தேவரின் மருத்துவம் வயதை நீக்கியது. இந்த மருத்துவம் வயதானவரின் கையில் ஒரு வேலையைத் தருகிறது. ஐயனாருக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரையில் இதன் சாயல் சிறிது உண்டு, அங்கும் மனிதரே கொடுக்கிறார். ஆனால் அக்குதிரை பசித்துக் காத்திருப்பதில்லை.

திருவரங்கத்துக்கு இது எவ்வாறு பொருந்தும்? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்திய அளவில் அது 8.6. திருவரங்கத்தின் வீதிகளில் நடந்தால் இந்தப் பத்து விழுக்காடு முழுவதும் இங்கேதான் இருக்கிறதோ என்ற மயக்கம் வரும். சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைக'ளில் திண்ணைகளிலும் ரங்கு கடையிலும் அரட்டையடித்த இளைஞர் தலைமுறை இன்று இருந்தால் தொண்ணூறை நெருங்கும். பிள்ளைகள் அயல்நாடுகளில். அரங்கனுக்கு அருகில் கடைசி நாட்களைக் கழிக்க வெளியூர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. முதியோர் இல்லங்களும், முதியோர்க்கென்றே கட்டிய அடுக்ககங்களும் பெருகிவிட்டன. பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடம் சீவனாம்சம் பெற 2007-இல் மைய அரசு சட்டமே இயற்றியது.

இல்லங்களில் பேணுதல் நன்றாகவே நடக்கக்கூடும். குறித்த நேரத்துக்குச் சாப்பாடு, குறித்த நேரத்துக்கு மாத்திரை, மாலையில் தொலைக்காட்சியில் கோயில் ஒளிபரப்பு. ஐம்பது ஆண்டு குடும்பத்தையும் மாட்டையும் கொல்லையையும் கட்டி ஆண்ட ஓர் அம்மாள் அங்கே சேர்ந்த மறுநாளிலிருந்து அவருக்காகக் காத்திருக்கும் உயிர் ஒன்றுமில்லை. எல்லாமே அவரைத் தேடி வருகின்றன, அவரைத் தேடுவார் எவருமில்லை. இந்த வெறுமைக்கு மாத்திரை இல்லை. குதிரைத்துணைச் சிகிச்சையில் நாம் கற்கத்தக்க பகுதி இவ்விடத்தில்தான் இருக்கிறது.

குதிரை அவர்களுக்கு அயலானதும் அன்று. இன்று எண்பதைத் தாண்டியவர்கள் ஜட்கா வண்டியில் போனவர்கள். திருச்சிச் சந்திப்பிலும் திருவரங்கம் நிலையத்திலும் வாசலில் மட்டக்குதிரைகள் நின்றன. உட்காரும் இடத்தில் புல்லைப் பரப்பி மேலே சாக்கு விரித்திருக்கும். வண்டிக்காரர், "முன்பாரம் ஆகுது, பின்னாலே நகருங்க" என்று ஏறியவர்களை வழியெல்லாம் நகர்த்திக்கொண்டே இருப்பார். வேகத்தைக் குறிக்கும் தக்கணி இந்துத்தானிச் சொல்லிலிருந்து பிறந்த 'ஜட்கா', கடந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆட்டோவுக்கு வழிவிட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பச்சைப் புல்லும் குதிரை வியர்வையும் கலந்த அந்த வாடை, பெயர்கள் மறந்துபோன மூளையிலும் எங்கோ தங்கியிருக்கும். மறதிநோயாளரிடம் பழைய வாசனைகளைக் கொண்டு பேச்சை எழுப்புவது இன்று பல நாடுகளிலும் கையாளப்படும் வழிதான்.

நடைமுறைத் தடைகள் பல. இந்தியாவில் இச்சிகிச்சை சில பெருநகரங்களில், பெரும்பாலும் குழந்தைகளுக்காகவே நடக்கிறது. குதிரையைப் பேணச் செலவு மிகுதி. திருச்சியின் சித்திரை வெயில் குதிரைக்கும் ஆகாது, முதியவர்க்கும் ஆகாது. லாயத்து மண்ணில் தசைவிறைப்பு நோயின் கிருமி இருக்கும் என்பதால் முதியவர்க்குத் தடுப்பூசி கட்டாயம். குதிரைக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்பட்டு, மேளத்துக்கும் வெடிக்கும் நடுங்கிப் புண்பட்ட குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால் சேஷராயர் மண்டபத்துக் கண்களையே மீண்டும் காண்போம். அதற்கு இல்லத்திலேயே இருந்துவிடலாம். கோயிலில் அதிகாலை விசுவரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் வந்து நிற்கின்றன. விலங்கைக் காண்பதற்கு அங்கே வழியுண்டு. அதைப் பேணுவதற்கு இல்லை.

இவ்வகைச் சிகிச்சைக்கு உகந்தவை ஓட்டமடங்கிய, வயது முதிர்ந்த, சாதுவான குதிரைகளே என்பது ஒரு நல்ல செய்தி. 25 ஆண்டு வாழக்கூடிய விலங்கு அது. பந்தயத்துக்கும் பாரத்துக்கும் ஆகாமற்போன பின்னும் அதற்குப் பல ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன. கொள்ளிடக் கரையில் மரநிழலுள்ள சமதளம், குட்டையான ஒரு கிழட்டு மட்டக்குதிரை, பழகிய ஒரு குதிரைக்காரர், தேய்க்க நாலைந்து தூரிகை, ஒரு வாளி. தொடக்கத்துக்கு இவை போதும். கொள்ளை மட்டும் முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். மறவாமல் ஊறவைக்கும் பொறுப்பை எந்தப் பாட்டியிடம் ஒப்படைப்பது என்பதில்தான் இல்லத்தில் சண்டை வரும்.